மேயரம்மாவின் எடை

அந்த வருஷம் ஏப்ரலில் எங்கள் உயிரியல் துறை மாணவர்கள் எல்லாருக்கும் ஒரு கருத்துக் கணிப்பு வந்தது. அறிவியல் படிப்பவர்கள் தொழில் நேர்மையைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று யாரோ ஆராய்ச்சி செய்கிறார்களாம். முடித்தவர்களுக்கு ஒரு காப்பி இலவசம். கேள்விகளெல்லாம் சின்னப் பிள்ளைகூட யோசிக்காமல் பதில் சொல்லக்கூடியவை. அளந்த எண்ணை மாற்றி எழுதுவது தவறு. உடன் வேலை செய்பவர் விதியை மீறினால் பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும். நட்பைவிட உண்மை பெரியது. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐந்து கட்டங்கள்.

நானும் கார்சனும் கான்டீனில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து "மிகவும் உடன்படுகிறேன்" என்ற கட்டத்தையே தட்டிக்கொண்டு போனோம். கார்சன் கேள்வியைப் படிக்கக்கூட இல்லை. நடுவில் ஒரு கேள்வியைத் தலைகீழாக வைத்திருந்தார்கள்: "அவசரத்துக்குப் பொய்த் தகவல் எழுதுவதில் தவறில்லை." அதற்கும் மிகவும் உடன்பட்டுவிட்டான். திரும்பிப் போய் மாற்ற முடியவில்லை.

"விடு ட்வைலா, நூத்துக்கு ஒரு அயோக்கியனாவது இருந்தாத்தான் ஆராய்ச்சி நல்லா இருக்கும்" என்று சொல்லிவிட்டு இலவசக் காப்பி வாங்கப் போனான்.

அவனுக்கு அயோக்கியத்தனம் சுட்டுப் போட்டாலும் வராது. அதுதான் பிறகு வந்த வினையெல்லாம்.

அந்தக் கோடையில் எங்கள் இருவருக்கும் ஒரே வேலை கிடைத்தது. தரையணில் நிறுக்கும் வேலை. கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்துக்காரர்கள் நாங்கள் இதைக் கோஃபர் என்போம். புல்வெளியில் பொந்து தோண்டி, வாசலில் நட்ட குச்சி மாதிரி நிமிர்ந்து நின்று, போகிற வருகிறவர்களை எல்லாம் திட்டும். எங்கள் பண்ணையில் அப்பா இதைக் கண்டால் துப்பாக்கியைத் தேடுவார். பொந்தில் கால் போய் மாடு நொண்டினால் அவருக்குத்தானே நஷ்டம். அவர் பெற்ற மகளுக்கோ அதே ஜந்துவைத் துணிப்பையில் போட்டு, தராசில் தொங்கவிட்டு, முதுகில் தலைமுடிச் சாயத்தால் அடையாளம் போட்டு, பத்திரமாகத் தரையில் இறக்கிவிடச் சம்பளம். அப்பா இதை ஊர்க் காப்பிக் கடையில் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஆராய்ச்சி ஆனிக்காவுடையது. முதுகலை மாணவி, எங்களைவிடக் கொஞ்சம் மூத்தவள், மூக்கு நுனி எப்போதும் வெயிலில் உரிந்திருக்கும். அவளுடைய பேராசிரியர் லோர்ன். அதே மேய்ச்சல் நிலத்தில் முப்பது வருஷமாகத் தரையணில் பார்ப்பவர். எல்லாரும் அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவோம், ஆனாலும் அவர் எதிரில் யாரும் காலை நீட்டி உட்கார மாட்டோம். வாலிபத்தில் அவர் எழுதிய ஒரு கட்டுரையை இந்தத் துறையில் படிக்காதவர் கிடையாது. குட்டிகளைப் பறிகொடுத்த தாய் அணில் பால் கொடுக்கும் செலவு இல்லாததால் மளமளவென்று கொழுத்து, மற்றவற்றுக்கு முன்பே குளிர்கால உறக்கத்துக்குப் போய்விடும் என்பது அதன் சாரம். அது இன்றைக்கும் உண்மையா என்று அதே நிலத்தில் பார்ப்பதுதான் ஆனிக்காவின் வேலை.

லோர்ன் எங்களுக்கு இரண்டு சட்டம் போட்டிருந்தார். முதலாவது, கூண்டுக்குள் தடவும் விரல் நுனியளவு பீனட் பட்டர் தவிர ஒரு பருக்கைகூட அணில்களுக்குப் போகக் கூடாது. எடையை அளக்கிற இடத்தில் தீனி போட்டால் பிறகு எதை அளக்கிறோம்? இரண்டாவது, பெயர் வைக்கக் கூடாது. எண் மட்டும்தான்.

முதல் சட்டம் எங்களுக்குப் புரிந்தது. இரண்டாவது கிழவரின் வறட்டுப் பிடிவாதம் என்று நினைத்தோம். முதல் வாரத்திலேயே எல்லாவற்றுக்கும் பெயர் வந்துவிட்டது. முப்பத்தேழாம் எண்காரிக்குத் தோளிலிருந்து இடுப்புவரை குறுக்கே சாயக் கோடு. இருக்கிறதிலேயே உயரமான மேட்டில் ஏறி நின்றுகொண்டு மாடு, காக்கை, நாங்கள் என்று பாராமல் எல்லாரையும் அதட்டுவாள். மேயரம்மா என்று கார்சன்தான் பெயர் வைத்தான். லோர்ன் வரும்போது மட்டும் முப்பத்தேழு.

மே மாதத்தில் பேட்ஜர் என்கிற வளைக்கரடி ஒன்று வந்து மேயரம்மாவின் பொந்தைத் தோண்டி, குட்டிகளை ஒன்றுவிடாமல் தின்றுவிட்டுப் போய்விட்டது. நாங்கள் போனபோது அது தோண்டிப் போட்ட மண்மேல் அவள் உட்கார்ந்திருந்தாள். யாரையும் அதட்டவில்லை. ஆனிக்கா "குட்டி இழந்த தாய்கள்" என்ற வரிசையில் அவளைச் சேர்த்தாள். அந்த வரிசையில் அவளோடு சேர்த்து நாலு பேர். கார்சன் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அவனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நகரத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வளர்ந்தவன். வீட்டில் ஒரு மீன்கூட வளர்க்க விட்டதில்லை. கால்நடை மருத்துவக் கல்லூரியில் சேர வேண்டும் என்பது அவனுக்குக் கனவு என்று சொன்னால் போதாது, அதைத் தவிர அவனுக்கு வேறு பேச்சே கிடையாது. அதற்கு லோர்ன் ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும். லோர்ன் கடிதம் தந்தால் இடம் கிடைத்த மாதிரிதான். மறுத்தால், ஏன் மறுத்தார் என்ற கேள்வியே ஆளைக் கவிழ்த்துவிடும்.

ஜூன் கடைசியில் மேயரம்மா துணிப்பைக்குள் நுழையவே சிரமப்பட்டாள். தராசைப் பார்த்த ஆனிக்கா இன்னொரு தரம் நிறுத்தாள், பிறகு தராசைத் தட்டிப் பார்த்துவிட்டு மறுபடி நிறுத்தாள். அவளுடைய வரைபடத்தில் மேயரம்மாவின் புள்ளி மேல்மூலையில் போய் உட்கார்ந்துகொண்டு மொத்தக் கோட்டையும் தன் பக்கம் இழுத்தது. லோர்ன் சொன்னது அப்படியே வந்துவிட்டது. அடுத்த வாரம் எட்மண்டனில் பாலூட்டி ஆராய்ச்சியாளர்கள் கூடுகிறார்கள், அதில் ஆனிக்காவின் முதல் பேச்சு. வயலில் நின்று மாடுகளிடம் பேசிப் பழகினாள். மாடுகள் கேள்வி எதுவும் கேட்கவில்லை என்பதில் அவளுக்குப் பெரிய தெம்பு.

அந்தச் சமயத்தில்தான் ஒரு மத்தியானம் தராசை மேட்டருகே மறந்துவிட்டு, எடுத்துவரத் திரும்பிப் போனேன். கார்சன் புல்லில் குப்புறப் படுத்திருந்தான். நாக்கை மடக்கி மெல்ல ஒரு சத்தம் கொடுத்தான். மேயரம்மா பொந்திலிருந்து வெளியே வந்தாள். அவன் கைமேல் ஏறி உட்கார்ந்து, இரண்டு கன்னமும் உப்ப உப்ப உள்ளே தள்ளிக்கொண்டாள். பக்கத்தில் கிடந்தது சூரியகாந்தி விதைப் பொட்டலம். ஊறுகாய்ச் சுவை போட்டது. வண்டியில் போகும்போது நாங்கள் எல்லாரும் மென்று, தொலியைக் காகிதக் குவளையில் துப்பிக்கொண்டே போவோமே, அதே விதை.

"என்னடா பண்றே?"

"மெதுவாப் பேசு. பயந்துடுவா."

"அவ பயப்படறது இருக்கட்டும். உனக்குப் பயமே இல்லையா?"

அவன் முகம் வெளிறிப்போய்விட்டது. ஆனாலும் கையை அசைக்காமல், "தொலியெல்லாம் உரிச்சு, உப்பைக் கழுவிட்டுத்தான் தரேன். அவளுக்கு உப்பு ஆகாது" என்றான். அவனை அறைவதா, கட்டிக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை.

வண்டிக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சண்டை போட்டோம். எப்போதிலிருந்து என்று கேட்டேன். குட்டிகள் போன நாளிலிருந்து. தினமுமா? அநேகமாகத் தினமும். நாலு தாயில் ஒருத்திக்குத்தானே கொடுத்தேன் என்று அவன் இழுத்தான்.

"நாலுல ஒண்ணுடா. ஆனிக்காவோட ஆராய்ச்சில கால்வாசிய நீ ஊட்டி வளர்த்திருக்கே."

"அவ அந்த மண்ணுமேல உக்காந்திருந்தாளே, நீயும்தானே பாத்தே. நம்பரை எழுதிட்டு அப்படியே போயிடணுமா?"

"ஆமா. அதுதான் நம்ம வேலை."

சொல்லும்போது எனக்கே வாய் கசந்தது. பேச்சு முடிந்து வந்ததும் ஆனிக்காவிடம் சொல்கிறேன் என்றான். அத்தனை பேர் முன்னால் பொய்ப் புள்ளியைக் காட்டிய பிறகு சொல்லி என்ன புண்ணியம் என்று கேட்டேன். முன்னால் சொன்னால் அவள் பேச்சு போச்சு, என் கடிதமும் போச்சு என்றான். பிறகு என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

"நீ சொல்லிடுவியா? ஏப்ரல்ல மிகவும் உடன்பட்டியே."

எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கட்டத்தைத் தட்டியபோது "உடன் வேலை செய்பவர்" என்ற இடத்தில் எனக்கு எந்த முகமும் தெரியவில்லை. இப்போது பார்த்தால் அதற்கு ஊறுகாய் வாசனையும் அழுகிற மாதிரி இரண்டு கண்ணும் இருந்தன. நாளை மத்தியானம்வரை பார்ப்பேன், அதற்குள் நீ சொல்லவில்லை என்றால் நான் சொல்லிவிடுவேன் என்றேன்.

மனசு கேட்காமல் அப்பாவுக்குப் போன் செய்தேன். ஒருத்தன் கோஃபருக்குத் தீனி போட்டால் காட்டிக்கொடுக்கணும் என்றுதான் உங்கள் பல்கலைக்கழகத்தில் சொல்லித் தருகிறார்களா, அப்படியென்றால் சுட்டவனுக்கு என்ன தண்டனை என்று கேட்டு மனுஷர் விழுந்து விழுந்து சிரித்தார். ஒரு உதவியும் இல்லை.

மறுநாள் காலையில் லோர்ன் வருவதாக ஆனிக்கா சொன்னாள். எட்மண்டன் போவதற்கு முன் அந்த நட்சத்திரத்தை நேரில் பார்க்க வேண்டுமாம். கார்சன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, முடியவில்லை, நான் வண்டியிலேயே இருக்கிறேன் என்றான். மேயரம்மாவின் கண்ணில் படாமல் இருக்கத்தான் அந்த வயிற்றுவலி என்பது எனக்கு மட்டும் தெரியும்.

நாங்கள் மூன்று பேரும் மேட்டருகே போய் நின்றோம். கொஞ்ச நேரத்தில் மேயரம்மா வெளியே வந்தாள். உருண்டையாக, பளபளவென்று, பதவிக்கேற்ற உடம்போடு. லோர்னை ஒரு தரம் பார்த்தாள், மதிக்கவில்லை. எங்களைக் கடந்து, புல்வெளியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு நேராக வண்டிக்கு ஓடினாள். ஓட்டுநர் பக்கத்துக் கதவுக்குக் கீழே பின்னங்காலில் நிமிர்ந்து நின்று கீச்சுக் கீச்சென்று கத்த ஆரம்பித்தாள்.

நான் வண்டிப் பக்கம் பார்க்காமல் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆனிக்காவோ கலகலவென்று சிரித்தாள். "டயர்ல ஏதாவது வாசனை இருக்கும். நேத்து மாட்டுத் தீவனத்துமேல ஏத்திட்டேன்" என்றாள். லோர்ன் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவ்வளவுதான். தப்பித்துவிட்டான். ஆனிக்காவுக்குத் துளிச் சந்தேகம் கிடையாது. அவளே ஒரு காரணத்தைத் தயாராக எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டாள். வண்டிக்குள் படுத்தபடியே இருந்திருந்தால் போதும்.

வண்டிக் கதவு திறந்தது. கார்சன் இறங்கினான். மேயரம்மா அவன் பூட்ஸ்மேல் ஏறி, அங்கிருந்து கால்சட்டையைப் பற்றிக்கொண்டு பாக்கெட்டை நோக்கிப் புறப்பட்டாள்.

"டயர் இல்ல, ஆனிக்கா" என்றான். "நான்தான்."

எல்லாவற்றையும் சொன்னான். உரித்தது, கழுவியது, அந்த மண், எதையும் விடவில்லை. நான் நேற்றே பார்த்துவிட்டதை அவன் சொல்லாமல் விடப் பார்த்தான், அதை நானே சொன்னேன். ஆனிக்கா கத்தவில்லை. எந்த நாளிலிருந்து, ஒரு வேளைக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்டாள். பிறகு, "எங்கம்மா சொந்தக்காரங்க எல்லாருக்கும் போன் பண்ணிச் சொல்லிட்டாங்க, தெரியுமா?" என்று சொல்லிவிட்டு மாட்டு வேலிப் பக்கம் நடந்து போனாள். முதுகு குலுங்கியது. மாடுகள்தான் பக்கத்தில் வந்து நின்றன.

லோர்ன் முகம் சிவக்கும் என்று எதிர்பார்த்தேன். அது காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. அத்தனை கோபம் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். விலங்கு நலக் குழுவுக்கு நடந்ததை நீயே எழுதி அனுப்பு என்று கார்சனிடம் சொன்னார். அவன் "அந்தக் கடிதம்..." என்றான்.

"அப்புறம் பாக்கலாம்" என்றார் லோர்ன்.

அவர் அப்புறம் என்றால் இல்லை என்று அர்த்தம். துறை முழுக்கத் தெரியும்.

ஆனிக்கா மேயரம்மாவின் புள்ளியை எடுத்துவிட்டு வரைபடத்தை மறுபடி போட்டாள். எழும்பி நின்ற கோடு கிட்டத்தட்டப் படுத்துவிட்டது. மற்ற மூன்று தாய்களும் கொழுத்திருந்தார்கள், ஆனால் சொல்லிக்கொள்கிற அளவுக்கு இல்லை. லோர்ன் அன்றைக்குப் பார்த்த அந்தப் பெரிய ஏற்றம் எங்கே போனது என்று அவளுக்கு விளங்கவேயில்லை. மழை குறைவோ, புல் மாறிவிட்டதோ என்று என்னிடம் கேட்டாள். அவரிடமும் கேட்டாளாம். பார்க்கலாம் என்றாராம். பேச்சை ரத்து செய்துவிடலாமா என்று ஒரு சாயங்காலம் முழுக்க யோசித்தாள். பிறகு, உள்ளதை உள்ளபடி சொல்கிறேன், கேட்பவர்கள் கேட்கட்டும் என்று தீர்மானித்தாள்.

அது வரைக்கும் கார்சனிடம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. எட்மண்டனுக்கு நாங்கள் மூவரும் ஒரே வண்டியில் போனோம். பாதி வழியில், முன்சீட்டிலிருந்து திரும்பிப் பார்க்காமலே, உள்ளங்கையை விரித்துப் பின்னால் நீட்டினாள். கார்சன் அதில் விதை கொட்டினான். மென்று, குவளையில் துப்பிவிட்டு, "கழுவலையா?" என்று கேட்டாள். எனக்கு உயிர் வந்தது.

கூட்டத்தில் நானும் கார்சனும் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். லோர்ன் வந்து எனக்கு மறுபக்கம் உட்கார்ந்தார். ஆனிக்கா மேடையேறி, எடுத்துக்கொண்ட காரியத்தைச் சொல்லி, வரைபடத்தைப் போட்டாள். மேல்மூலையில் ஒற்றைச் சிவப்புப் புள்ளி.

"இவளை நான் கணக்கிலிருந்து எடுத்துட்டேன்" என்றாள். "எங்க குழுவுல ஒருத்தருக்கு இவமேல ரொம்பப் பிரியம் வந்துடுச்சு. அவரே வந்து சொன்னார். இவ இல்லாமப் பாத்தா ஏற்றம் கொஞ்சம்தான். பழைய கட்டுரையில இருக்கிற அளவுக்கு இல்ல. ஏன்னு எனக்குத் தெரியல."

அறையில் சிரிப்பு எழுந்தது. கேலிச் சிரிப்பு இல்லை, வீட்டு ஆட்கள் சிரிக்கிற மாதிரி. கார்சன் நாற்காலிக்கு அடியில் போய்விடலாமா என்று பார்த்தான். முதல் வரிசையிலிருந்து வெளவால் ஆராய்ச்சிக்காரப் பாட்டியம்மா ஒருவர் எழுந்தார். கேள்வி ஆனிக்காவுக்கு இல்லை என்று சொல்லிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"தான் ஆராயற மிருகத்துக்கு யாருக்கும் தெரியாம ஒரு வாயாவது ஊட்டினவங்க கை தூக்குங்க பாக்கலாம்."

தன் கையை முதலில் அவரே தூக்கினார். பிறகு கடல்நாய் பார்க்கிறவர் ஒருவர் தூக்கினார். மான்காரர், எலிக்காரர், நரிக்காரி என்று ஒவ்வொன்றாக எழும்பி, அறையில் பாதிக்குமேல் கைகள். அத்தனை பேரும் ஏதோ ஒரு காலத்தில் "மிகவும் உடன்படுகிறேன்" என்று கட்டத்தைத் தட்டியவர்களாகத்தான் இருப்பார்கள். நான் தூக்கவில்லை. என்ன இருந்தாலும் நான் எங்கப்பா மகள்.

எல்லாக் கையும் எழுந்து முடிந்த பிறகு என் பக்கத்தில் ஒரு கை எழுந்தது. லோர்னுடையது. அது இறங்கவேயில்லை. கையைத் தூக்கினபடியே நடந்து போய் ஒலிவாங்கி முன்னால் நின்றார்.

"அவ பேரு டோரிஸ்" என்றார்.

பெயர் வைக்காதே என்று அந்த மனுஷர் ஏன் அப்படித் தலைபாடாக அடித்துக்கொண்டார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அந்தப் பழைய கட்டுரையில நான் ஊட்டின டோரிஸ் இருக்கா. கோட்டைத் தூக்கிப் பிடிக்கிறதே அவதான். ஆனிக்கா தன்னோடவளை எடுத்துட்டா. நான் எடுக்கல. போன வாரம் வயல்ல ஒரு பையன் வண்டிக் கதவைத் திறந்துக்கிட்டு இறங்கினதைப் பாத்தேன். இறங்கணும்னு அவனுக்குக் கட்டாயமே இல்ல. முப்பது வருஷமா எனக்கு அந்தக் கதவைத் திறக்க வரல." அப்போதுதான் கையை இறக்கினார். "கட்டுரையைத் திருத்தச் சொல்லி இன்னிக்கே பத்திரிகைக்கு எழுதறேன்."

மேடையில் ஆனிக்கா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஏற்றம் எங்கே போனது என்று அவள் மழையையும் புல்லையும் குற்றம் சொன்னதெல்லாம் அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். கண் கலங்கியிருந்தது, ஆனால் கைக்குப் பின்னால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன குடுத்தீங்க, லோர்ன்?" என்று கேட்டாள்.

"சீஸ் பிஸ்கட்."

அது வரைக்கும் தலையே நிமிராமல் இருந்த கார்சன் என் பக்கத்திலிருந்து சட்டென்று எழுந்தான். அவன் முகத்தில் உண்மையான கவலை.

"உப்பு போட்டதா?"

அறை மொத்தமும் வெடித்துச் சிரித்தது. லோர்ன் மட்டும் சிரிக்கவில்லை. அந்தக் கேள்வியை நின்று நிதானமாக யோசித்தார்.

"உப்பு போட்டதுதான்" என்றார். "டோரிஸுக்கு அது ஆகுமா ஆகாதான்னு எனக்கு ஒரு நாளும் தோணல. உன் கடிதத்துல அதையும் சேர்த்து எழுதறேன்."

கார்சன் உட்கார்ந்து என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். சட்டை தோய்த்த பிறகும் அந்த ஊறுகாய் வாசனை போகவில்லை.